வடக்கே திருப்பிய குழாய்

ஏப்ரல் 9, 1974. செவ்வாய்

மதியம் இரண்டு மணிக்கு நூற்றியொரு டிகிரி. வெயிலை நான் குறை சொல்வதில்லை. சித்திரை பிறக்கும் முன்பே இப்படியென்றால் அதை எழுதிவைக்க வேண்டியது, அவ்வளவுதான். ஆத்துக்காரர் வானிலை ஆபீசில் முப்பத்தொரு வருஷம் எழுதினார். அவர் போன பிறகு எட்டு வருஷமாக நான் எழுதுகிறேன்.

குறை வேறு. படுக்கையறை ஜன்னல் கட்டையை இன்று மூன்று முறை துடைத்தேன். மூன்று முறையும் துணி கறுத்தது. தெருப்புழுதி பழுப்பாக இருக்கும், உதறினால் போய்விடும். இது மை மாதிரி ஒட்டுகிறது. பின்சந்தில் ஜவுளிக்கடைக்காரர் டீசல் ஜெனரேட்டர் வைத்து ஒன்பது நாளாகிறது. மின்வெட்டு பதினொன்றுக்கு ஆரம்பித்தால் நான்குக்குத்தான் முடிகிறது. அதுவரைக்கும் கடைக்குள் ஏர்கண்டிஷன் ஓட வேண்டும் என்பதற்காக இந்த எஞ்சின் அலறுகிறது. அதன் புகைக்குழாய் நேராக என் ஜன்னலைப் பார்க்கிறது.

தேவானை துணியைப் பிழிந்துகொண்டே, "இன்னாம்மா இது, ரயிலு இஞ்சினாட்டம் கக்கிகினு கீது" என்றாள். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், வீடு பெருக்குகிறாள், நாளுக்கு ஒரு முறையாவது இப்படி எதையாவது சொல்லிவிடுகிறாள். சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஆனந்த வருஷமாம்.

வேப்பம்பூப் பச்சடி வைத்தேன். அடையாறிலிருந்து ஜலஜா வந்தாள். ஜன்னலைச் சாத்தினால் வேகிறது, திறந்தால் கரி. என் புது வெள்ளைப் புடவையில் இரண்டு கரிப்புள்ளி. "இங்க ஏம்மா வெந்துண்டிருக்கே? எங்காத்துக்கு வந்துடேன். காத்து நன்னா வரது" என்றாள்.

"ஒரு கடைக்காரரோட எஞ்சினுக்காக நான் ஆத்தை விட்டு ஓடணுமா?"

அவள் பச்சடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். என் பெண் அல்லவா, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

ஏப்ரல் 17, புதன்

கடைக்குப் போனேன். புடவை வாங்க அல்ல.

போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அவருடைய வெப்பமானியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்சந்தில் அந்த ஏர்கண்டிஷன் பெட்டிகளின் முதுகுப்பக்கம் பத்து நிமிஷம் நின்றேன். என் வராந்தாவில் நூற்றி மூன்று, அங்கே நூற்றிப் பன்னிரண்டு. உள்ளே எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு சூட்டையும் வெளியே கொட்டுகிறார்கள். அந்தச் சூட்டில் எங்கள் வீடுகள் கொதிக்க, எல்லோரும் நாளெல்லாம் மின்விசிறி போட, மின்சாரம் போதாமல் போக, மறுபடி வெட்டு, மறுபடி எஞ்சின், மறுபடி புகை. செக்கு மாடு போல ஒரே வட்டம்.

கடைக்குள் மார்கழி மாதம். முதலாளி சிதம்பரநாதன், தூத்துக்குடிக்காரர், எழுந்து நின்றார். "வாங்கம்மா, உக்காருங்க. கலர் குடிக்கியளா?"

"குடிக்க வரலை. உங்க புகை என் ரூமுக்குள்ள வரது."

"என்னத்தம்மா செய்ய? பொம்பளையாளுக ஒரு சேலை எடுக்கதுக்கு அரை நாள் உக்காருதாவ. வெக்கையா இருந்தா எந்திரிச்சி அடுத்த கடைக்குல்லா போயிருவாவ."

"குளிர்ச்சி உங்களுக்கு, கரி எனக்கா?" என்று கேட்டு, வெப்பமானியை அவர் மேஜைமேல் வைத்து இரண்டு அளவையும் சொன்னேன்.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அளந்து பேசுதிய. டீச்சரா இருந்தியளோ?"

"கான்வென்ட்ல படிச்சவ."

சிரித்துவிட்டார். திங்கட்கிழமை ஆள் அனுப்புவாராம். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நானே சொல்லலாமாம். நல்ல மனிதர்தான். நேராகச் சொன்னால் கேட்கிறவர்களிடம் யாருமே நேராகச் சொல்வதில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

காரியம் முடிந்தது. எனக்கே என்மேல் திருப்தி.

மெக்கானிக் ஷாஹுல் ஹமீது பத்து மணிக்கு வந்தார். 1938-ல் இந்த மனையை வாங்கியபோது எங்களுக்குக் கொடுத்த வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். கிழக்கே நான். மேற்கே கடையும் ரோடும். தெற்கே டாக்டர் வீடு. வடக்கே ஒன்றுமில்லை, காலி மனை, வழக்கில் கிடக்கிறது. இந்த மாதங்களில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். ஒரு மணியளவில் காற்று வீச ஆரம்பித்தால் புகையை வடக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். பென்சிலால் அம்புக்குறி போட்டுக் காட்டினேன்.

"எந்தாண்டம்மா?" என்றார் மெக்கானிக் மறுபடியும்.

கையை நீட்டிக் காட்டினேன். "வடக்கே."

தேவானை காப்பி டம்ளர்களோடு பக்கத்தில் நின்றிருந்தாள். "அந்தாண்டயாம்மா?" என்றாள்.

"ஏன், காத்து எந்தப் பக்கம் போறதுன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாததாம்மா" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லாவற்றிலும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும் இவளுக்கு.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் ஒரு மணி நேரம் தூங்கினேன். கட்டையில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

மே 5, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் நேற்று பிறந்தது. நூற்றி ஐந்து. மின்வெட்டு இன்னும் ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது. கல்யாண சீசன், கடையில் நிற்க இடமில்லையாம். எஞ்சின் சத்தம் கேட்கிறது, ஆனால் சத்தம் கறுப்பாக ஒட்டுவதில்லையே. பொறுத்துக்கொள்கிறேன்.

மே 11, சனி

தேவானைக்கு இருமல். கூடம் பெருக்குவதற்குள் மூன்று தடவை விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். கஷாயம் போட்டுக் கொடுத்தேன். "கசப்பும்மா" என்று முகத்தைச் சுளித்தாள். "கசப்பாத்தான் இருக்கும். குடி" என்றேன். குடித்தாள்.

புகையிலையை விட்டுத்தொலை என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்.

மே 16, வியாழன்

இன்று கண்டித்துச் சொல்லிவிட்டேன்.

கொல்லையில் துப்பியதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "சளி கறுப்பா வருதும்மா" என்றாள். பத்து நாளாக மூச்சும் இழுக்கிறது. இளைத்தும் போயிருக்கிறாள். என் மனதில் ஓடியது க்ஷயரோகம்தான். எங்கள் கான்வென்ட்டில் இரண்டு பெண்களை அது கொண்டுபோனது. மதர் அலோஷியஸ் அவர்களுடைய தட்டு, டம்ளர், மேஜை எல்லாவற்றையும் தனியாக வைத்தார். சுத்தம் என்பது இரக்கத்தின் முதல் படி என்பார்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும்வரை வர வேண்டாம். சம்பளம் எப்போதும்போல்.

"வூட்ல சும்மா குந்திகினு இன்னாம்மா பண்ணுவேன்? இங்கன்னா நெழலா கீது."

"ஓய்வு எடுத்துக்கோ. கதவைச் சாத்திண்டு படு."

வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. இருமல் வந்தது. போய்விட்டாள்.

மே 17, வெள்ளி

பாத்திரங்களை நானே தேய்த்தேன். சரியாகத்தான் தேய்த்தேன்.

மே 21, செவ்வாய்

நூற்றி எட்டு. கடற்காற்று நாலு மணிக்கு மேல்தான் வந்தது. வந்ததும் ஒரு வாய் தண்ணீர் போல, அவ்வளவுதான்.

வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. வெண்டைக்காய்க்காரியிடம் தேவையில்லாமல் பத்து நிமிஷம் பேசினேன்.

மே 24, வெள்ளி

நூற்றிப் பத்து. காற்றே இல்லை. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. எஞ்சின் ஐந்தரை வரை ஓடியது. வடக்கே வானம் மதியத்திலேயே ஒரு மாதிரி மங்கிப்போய்த் தெரிந்தது. என் அறை சுத்தமாக இருக்கிறது. எக்ஸ்ரே என்ன ஆயிற்றோ. ஒரு வாரமாகிறது, ஆளை அனுப்பியாவது சொல்லக் கூடாதா?

மே 27, திங்கள்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஒரு பெண்பிள்ளை வந்தாள். பெயர் குல்சும். தேவானைக்குப் பக்கத்துக் குடிசை. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு நீட்டினாள். படித்தேன். க்ஷயம் இல்லை. மூச்சுக்குழாய் அழற்சி. புகையில்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

"புகையா? நான்தான் அப்பவே சொன்னேனே, அந்தப் புகையிலை..."

குல்சும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொகையிலயா? இன்னா பாட்டிம்மா பேசறீங்கோ? உங்க வூட்டாண்ட கீறத திருப்பி எங்க வூட்டாண்ட வுட்டுக்கினு, பொகையிலயாம்! பொகை கொயா நேரா தேவானை வாசலாண்டதான் கீது. பகலெல்லாம் உள்ள பட்துகினு கீது. கதவ சாத்திகினு."

கதவைச் சாத்திக்கொண்டு.

"இங்க வேலைக்கு வந்துகினு இருந்தப்போ தேவல. பகல்ல இங்க இருக்கும், மிஷினு நின்னப்புறம்தான் வரும். இப்போ பத்து நாளா அதுலயே கீது" என்றாள்.

சீட்டை மறுபடியும் படித்தேன்.

மே 28, செவ்வாய்

போனேன். என் கொல்லைக் கதவிலிருந்து எழுபத்தெட்டு அடி எடுத்து வைத்தால் வந்துவிடுகிறது. எண்ணிக்கொண்டே போனேன். எதையாவது எண்ணாவிட்டால் கால் போயிருக்காது.

வரைபடத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் பதினாலு குடிசைகள். தெரியாது என்று சொல்ல முடியாது எனக்கு. அங்கிருந்து சேவல் கூவுவது கேட்டிருக்கிறேன். குழந்தைகள் சண்டை போடுவது கேட்டிருக்கிறேன். தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தம் கேட்டிருக்கிறேன். அன்று பென்சிலைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறி போட்டபோது மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தேவானை எங்கே இருக்கிறாள் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டேன். "பின்னாண்டம்மா" என்றாள். போதுமானதாக இருந்தது. சீக்கிரம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அங்கே காற்று வராது. மூன்று பக்கம் சுவர். தென்கிழக்குக் காற்று சுவருக்கு மேலேயே போய்விடும். கீழே விழுந்த புகை கிணற்றுத் தண்ணீர் போல நிற்கிறது. அவர் இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். நான் காற்றைப் படித்தேன், சுவரைப் படிக்கவில்லை. மனுஷாளைப் படிக்கவில்லை.

உள்ளே படுத்திருந்தாள். கூரைக் கீற்றின் உட்புறம் முழுக்க, என் ஜன்னல் கட்டையில் இருந்ததே, அதே கறுப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "நீங்க இன்னாத்துக்கும்மா இங்க?" என்று தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

நானும் குல்சுமும் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து என் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். என் அறையில் படுக்க வைத்தேன். கட்டிலில் படுக்க மாட்டேன் என்று அத்தனை மூச்சுத் திணறலிலும் சண்டை போட்டாள். "சொன்னதைக் கேளு" என்று அதட்டினேன். எனக்குத் தெரிந்த பாஷை அதுதானே.

மே 29, புதன்

கடைக்குப் போனேன். இந்தத் தடவை வெப்பமானி இல்லை. நின்றுகொண்டே சொன்னேன். சிதம்பரநாதன் முகம் மாறிவிட்டது. "ஐயையோ, அங்க ஆளு இருக்குன்னு... நீங்க காலி மனைன்னு சொன்னியளேம்மா."

"நான்தான் சொன்னேன்."

குழாயை மாற்ற வேண்டுமானால் வெல்டிங் வைக்க வேண்டுமாம். வெல்டிங்குக்கு மின்சாரம் வேண்டுமாம். வெட்டு முடிந்த பிறகு செய்ய ஆள் தேட வேண்டுமாம். அதுவரை பகல் ஒன்று முதல் மூன்று வரை எஞ்சினை நிறுத்துவதாகச் சொன்னார். கும்பிட்டேன். எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, கடைக்காரர் ஒருவரைக் கும்பிட்டது இன்றுதான். அது பெரிதாகத் தோன்றவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

கொஞ்சம் தேவலாம். கஞ்சி இறங்கியது. மூன்று தலையணை வைத்துச் சாய்த்திருக்கிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

இன்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கே ஏன் சொல்லலை நீ? 'அது என் வீடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

அவளால் ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. விட்டு விட்டுச் சொன்னாள். "நீங்க படம்லாம் வெச்சிகினு... அந்த பாய்க்கு மின்னால சொல்லிகினு கீறீங்கோ. நான் எப்டிம்மா குறுக்க பூர்றது? உங்களுக்கு மருவாதி இல்லாத பூடும். காத்து மாறிச்சின்னா சரியாப்பூடும்னு நெனச்சேன்."

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"இந்த ரூமுல இப்போ பொகை வர்லியேம்மா?"

"வரலைடி."

"அக்காங். நல்லா கீது" என்றாள்.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கடவுளே, அவ திட்டியிருக்கப்படாதா. ஒரு வார்த்தை திட்டியிருக்கப்படாதா என்னை.

ஜூன் 5, புதன்

விடிந்ததும் உதடு நீலமாகிவிட்டது. ஜலஜா காரோடு வந்தாள். ராயப்பேட்டையில் சேர்த்தோம். அந்த வார்டில் எல்லாப் படுக்கையிலும் இதே சத்தம், மூச்சைத் தேடும் சத்தம். இந்த வெயில் ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான் வந்துகொண்டேயிருக்கிறார்கள் என்றார் நர்ஸ்.

டாக்டர் சின்னப் பையன் போலிருந்தார், பொறுமையாகச் சொன்னார். எத்தனையோ வருஷத்து அடுப்புப் புகை, அதன்மேல் இந்த டீசல் புகை, அதன்மேல் வெயில், இதயமும் களைத்துவிட்டது. "ஒரே காரணம்னு சொல்ல முடியாதும்மா" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஒரே காரணம் இல்லைதான். கடைசியாக வைத்த பாரம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 8, சனி

காலை ஒன்பதே முக்காலுக்கு. குல்சும் பக்கத்தில் இருந்திருக்கிறாள். நான் பஸ்ஸில் இருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

நூற்றி நான்கு.

ஜூன் 11, செவ்வாய்

ஏப்ரல் 22-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். 'எனக்கே என்மேல் திருப்தி.' கையெழுத்து எவ்வளவு நேராக இருக்கிறது.

'அந்தாண்டயாம்மா?' அவள் சொல்லித்தான் இருக்கிறாள். நானே அதை எழுதியும் வைத்திருக்கிறேன். அவளுக்கு முடிந்தது அவ்வளவு. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச இந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷத்தில் நான் இடம் கொடுத்ததே இல்லை.

கிழித்துப் போடலாமா என்று தோன்றியது. கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூன் 14, வெள்ளி

சிதம்பரநாதன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை.

"முடிஞ்சிட்டும்மா. கூரைக்கு மேல பதினஞ்சடி ஏத்தியாச்சி. இனிமே எந்தப் பக்கத்து வீட்டுக்கும் இறங்காது."

கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். மொட்டைமாடிகளுக்கெல்லாம் மேலே நின்றது. புகை உயரத்திலேயே கரைந்து போய்க்கொண்டிருந்தது. என் வீட்டிலும் இல்லை, குடிசைகளிலும் இல்லை.

"இதை ஏப்ரல்ல செஞ்சிருக்க முடியுமா?" என்று கேட்டேன்.

குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"முடியும்மா. ரெண்டு துண்டு குழாய்தான கூட. ஆனா நீங்க பக்கந்தான சொன்னிய. ஒசரம் கேக்கலையே."



ஜூன் 19, புதன்

தேவானையின் மகன் ஜவஹர் வடபழனியிலிருந்து வந்து குடிசையைக் காலி செய்தான். பஸ் டிப்போவில் வேலை. அம்மாவின் முகம் அப்படியே. என்னைப் பார்த்து, "கடசி காலத்துல நீங்கதாம்மா வெச்சிப் பாத்தீங்கோன்னு குல்சும் அக்கா சொல்லிச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

குல்சும் தள்ளி நின்றாள். மீதியை அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன். முதலிலிருந்து, வரைபடம், அம்புக்குறி, கதவைச் சாத்திக்கொள் என்றது, எல்லாம். கேட்டுக்கொண்டே நின்றான். டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். சரிதான்.

ஜூலை 3, புதன்

இரண்டு நாளாக எஞ்சின் ஓடவில்லை. மேற்கே மலையில் மழை, அணையில் தண்ணீர் ஏறுகிறதாம், மின்வெட்டைத் தளர்த்திவிட்டார்கள். சாயங்காலம் இங்கேயும் ஒரு தூறல். தொண்ணூற்றி நான்கு. பின்சந்தில் மண்வாசனை வந்தது. நன்றாக மூச்சு விட முடிகிறது.

அவள் போய் இருபத்தைந்து நாள். இருபத்தைந்தே நாள்.

ஜூலை 9, செவ்வாய்

வேலைக்குக் கேட்டு ஒரு பெண் வந்தாள். முத்துலட்சுமியாம். இருபத்தைந்து வயதிருக்கும். நான் வழக்கமாகக் கேட்பவை ஆறு கேள்விகள்: எத்தனை வீடு, எத்தனை மணிக்கு வருவாய், எச்சில் பாத்திரத்தை எப்படித் தேய்ப்பாய் என்று. அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.

"எங்க இருக்கே?"

"கிட்டத்துலதாம்மா. டைமுக்கு வந்துருவேன். லேட்டே ஆவாது."

"அதைக் கேக்கலை. உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு?"

விழித்தாள். இது என்ன கிழவி, இப்படிக் கேட்கிறதே என்று நினைத்திருப்பாள். கையைத் தூக்கி ஒரு பக்கம் காட்டினாள், பிறகு அது சரிதானா என்று யோசித்து இன்னொரு பக்கம் காட்டினாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டேன். "வா, வந்து காட்டு" என்றேன்.